கேப்டன் கோட்டுக்கு எத்தனை பொத்தான்

எனக்குச் சந்தேக புத்தி என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு மெல்லிய தாள் வைத்திருப்பார்களே, பிரித்த கையோடு தூக்கிப் போடுவோமே, அதை அச்சடிக்கும் அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவள். பதினெட்டு வருஷம் ஆகிறது. ஐந்து மில்லி ஐம்பது மில்லி ஆகிவிடாமல் பார்ப்பது என் பொறுப்பு. ஒரு புள்ளி தப்பினால் முகம் தெரியாத யாரோ ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். இப்படி ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் நம்பிக்கொண்டு இருக்க முடியுமா?

பத்திரிகை ஆரம்பிக்கலாம் என்று முதலில் சொன்னதும் நான்தான். காரணம் என் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பதினொன்று, எனக்கு இருபது. சோறு போட்டு, அதட்டி, படிக்க வைத்து ஆளாக்கியது நான். அந்த நாளில் டிவியில் ஒரு தொடர் வந்தது. பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு கேப்டன், ஓட்டை உடைசலான ஒரு விண்கப்பல். முப்பத்தாறு வாரம் ஓடி, கதை முடியாமலே நின்றுபோனது. மற்ற பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், இவன் மறக்கவில்லை. வளர்ந்து வேலைக்குப் போனதும் முப்பத்தேழாவது பகுதியைத் தானே எடுக்க ஆரம்பித்தான். லிஃப்ட் மோட்டார் அறைதான் இயந்திரக் கூடம், லிஃப்ட் இறங்கும் குழிதான் கப்பலின் நடுவழி. மூன்று வருஷம், அவனுடைய விடுமுறை நாள் அத்தனையும் அதற்கே போனது. நாற்பத்திரண்டு நிமிஷம் வந்தது.

இந்த மாதிரி ரசிகர்கள் எடுக்கிற படம் எத்தனை இருக்கிறது என்று எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. பல் டாக்டர் ஒருவர் வில்லனாக நடித்திருக்கிறார். ஒரு கணக்கு டீச்சர் மொட்டை மாடியில் தெர்மோகோலை வெட்டிப் போட்டு ஒரு கிரகத்தையே செய்திருக்கிறார். எல்லாம் சொந்தக் காசு, டிக்கெட் கிடையாது, லாபம் கிடையாது. ஆனால் எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதாது. அதனால் நாமே எழுதுவோம், மூன்று மாதத்துக்கு ஒரு இதழ் என்று முடிவு செய்தோம். 'சொந்தச் செலவு' என்று தம்பி பெயர் வைத்தான். கேட்டவர்கள் எல்லாரும், சூனியமா என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனாலும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கதையும் கேப்டனும் கோட்டும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி கண்டும் காணாமல் இருக்கிற வரைக்கும்தான் இந்தப் படங்களுக்கு உயிர். ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் போதும், அன்றே படத்தை எடுத்துவிட வேண்டும். தம்பியின் படம் இன்னும் வெளியே வரவில்லை. முதல் இதழின் அட்டையில் அதுதான். இதழ் வருகிற அன்றைக்கே படத்தையும் வெளியிடுவது என்று வைத்திருந்தோம். அதற்குள் கம்பெனி காதுக்கு எட்டிவிட்டால் அவனுடைய மூன்று வருஷமும் வீண். அதைக் காப்பாற்றித் தரவேண்டியது என் வேலை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வேலை செய்தது நாங்கள் நாலு பேர். நான், தம்பி, டெய்லர், பூனை. டெய்லர் என்றால், கேப்டன் கோட்டைத் தைத்தவள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பகலெல்லாம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பாள். அவள் கடையின் பின்னறையில், மூட்டை மூட்டையாகக் கிடக்கும் நீலப் பாவாடைகளுக்கு நடுவில், துணி வெட்டும் மேஜைதான் எங்கள் ஆசிரியர் குழு அலுவலகம். பூனை என்பவர் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவர். நடந்து வந்தால் சத்தமே கேட்காது, திடீரென்று முதுகுக்குப் பின்னால் நிற்பார். பக்கம் அமைப்பது அவர்.

முதல் இதழுக்குப் பன்னிரண்டு படங்களின் பட்டியல் போட்டோம். எல்லாமே அந்தத் தொடரை வைத்து ரசிகர்கள் எடுத்தவை. சிலது ஏழெட்டு வருஷமாக யார் தொந்தரவும் இல்லாமல் இணையத்தில் கிடந்தவை. பட்டியல் போட்ட மூன்றாவது வாரம் கணக்கு டீச்சரின் படம் காணாமல் போனது. நோட்டீஸாம். சரி, தற்செயல் என்று விட்டேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. இரண்டுமே எங்கள் பட்டியலில் இருப்பவை. பட்டியலுக்கு வெளியே இருந்த ஒரு படத்தையும் கம்பெனி தொடவில்லை.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பட்டியல் எங்கள் நாலு பேரிடம் மட்டும்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. தம்பி தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள மாட்டான். மிச்சம் இரண்டு பேர்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பூனையை முதலில் பிடித்தேன். இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறவர் நல்லவராக இருக்க முடியாது என்று ஏற்கெனவே ஒரு எண்ணம் உண்டு. ஆனால் அவர் வாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்ததில், அந்தத் தொடரை அவர் ஒரு நாளும் பார்த்ததே இல்லை, கம்பெனியின் பெயர்கூடத் தெரியாது என்று தெரிந்தது. நாற்பது பக்கம் அமைத்துக் கொடுத்தவர், எதைப் பற்றி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாதிரி ஆளை என்னவென்று சொல்வது.

அப்புறம் டெய்லர். இவளிடம் விஷயம் நிறைய இருந்தது. நான் பின்னறைக்குள் நுழைந்தால் அவளும் தம்பியும் பேசிக்கொண்டிருந்த பேச்சு பட்டென்று நின்றுபோகும். ஒரு நாள் அவள் ஏதோ ஒரு தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணிக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவள் நாத்தனார் வீட்டுக்காரர் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா என்பது போதாக்குறைக்கு. மூன்று படம் போன பிறகு நான் யாரோ காட்டிக் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது, பூனை கொட்டாவி விட்டார், தம்பி தரையைப் பார்த்தான், இவள் முகத்தில் ஈயாடவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

இருந்தாலும் நான் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவள் இல்லை. எங்கள் அச்சகத்தில் புதிதாக ஒரு பிழை திருத்துபவர் சேர்ந்தால், தாளில் வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்துக் கொடுப்போம். பிடிக்கிறாரா விடுகிறாரா என்று பார்ப்போம். அதையே இங்கேயும் செய்தேன். முதல் இதழின் மாதிரிப் பிரதியை எடுத்து, தம்பி படத்தைப் பற்றிய கட்டுரையில் கேப்டன் கோட்டைப் பற்றி ஒரு வரி இருந்ததை மாற்றினேன். உண்மையில் அந்தக் கோட்டுக்கு ஏழு பொத்தான். பூனைக்குக் கொடுத்த பிரதியில் ஐந்து என்று போட்டேன். டெய்லருக்குக் கொடுத்ததில் ஆறு. தம்பிக்கு மட்டும் ஏழு என்றே விட்டேன். அவன் கோட்டில் ஒரு பொத்தானைக் குறைத்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவான், அதனால்தான். கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தால் அதில் எந்த எண் இருக்கிறதோ அவர்தான் ஆள்.

மறுநாள் காலை பத்து மணிக்கே டெய்லர் போன் செய்தாள்.

"அக்கா, ஒன்பதாம் பக்கத்துல ஆறு பொத்தான்னு இருக்கு. ஏழுக்கா. நான்தானே தைச்சேன்."

நான் மென்று முழுங்கி, சரி திருத்திவிடுகிறேன் என்றேன். இந்த ரசிகக் கூட்டத்தோடு இதுதான் தொல்லை. ஊரே தீப்பற்றி எரிந்தாலும், முதலில் அந்தத் தீ தொடரின் எந்தப் பகுதியில் வந்தது என்றுதான் பார்ப்பார்கள். பூனை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஐந்தும் ஒன்று, ஐம்பதும் ஒன்று.

பத்து நாள் கழித்து, இதழை அச்சுக்குக் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, தம்பி பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. பதினோரு பக்க நோட்டீஸ். படத்தை வெளியிடக் கூடாது, எடுத்ததையெல்லாம் அழிக்க வேண்டும், கம்பெனிக்குச் சொந்தமான எதையெதைப் படத்தில் பயன்படுத்தியிருக்கிறான் என்று எண் போட்டு வரிசையாக எழுதியிருந்தார்கள். அவன் வாசலிலேயே நின்று படித்தான், உட்காரக்கூட இல்லை. முகம் எப்படியெப்படியோ மாறியது. மூன்று வருஷம். அவன் கையிலிருந்து பிடுங்கி, நான் தேடிய வரியைத் தேடினேன். மூன்றாம் பக்கத்தில் நாலாவது எண். 'ஏழு பொத்தான் வைத்த பச்சை நிறக் கோட்டு.'

ஏழு. சரியான எண்.

வேறு யாராவது இருந்தால் குழம்பியிருப்பார்கள். எனக்குக் குழப்பமே வரவில்லை. நான் கொடுத்த பிரதியில் இருந்த ஆறை ஏழு என்று திருத்தியவள் யார்? தப்பைத் தப்பாகவே அனுப்ப மனசு வராதவள் யார்? திருத்தித்தான் கம்பெனிக்கும் அனுப்பியிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்கூட வந்தது. இதை மறைக்க முடியாது, வந்தது.

நோட்டீஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக அவள் கடைக்குப் போனேன். மெஷினில் ஒரு அரைக்கைச் சட்டையை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நாலாவது எண்ணைக் காட்டி, ஏழு என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியும்" என்றாள்.

"அவனை இழுக்காதே. அவன் படத்தை அவனே காட்டிக் கொடுப்பானா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

நான் பேசினேன். என்னென்ன பேசினேன் என்று இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாவை இழுத்தேன். கூட இருந்தே குழி பறித்தாய் என்றேன். கணக்கு டீச்சர் எனக்குப் போன் செய்து அழுததைச் சொன்னேன். துணிக்கு அடியில் மறைத்த தாளைக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"சரிக்கா. நான்தான்னே வெச்சுக்கங்க" என்றாள். மேஜை இழுப்பறையிலிருந்து தன்னுடைய மாதிரிப் பிரதியை எடுத்து என்னிடம் நீட்டினாள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பின்னறையைத் திறக்க முடியாது, யூனிஃபார்ம் வைக்க இடம் வேண்டும் என்றாள்.

ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் தம்பிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, இனிக் கவலைப்படாதே, ஆளைப் பிடித்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். டெய்லர் ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். அவன் கை தட்டிலேயே நின்றது.

"அவ இல்லக்கா."

அவளுக்கு வக்காலத்து வாங்காதே என்றேன். அவள் வாயாலேயே சொன்னாள் என்றேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை. நோட்டீஸில் பத்தொன்பதாவது எண்ணைப் படித்தாயா என்று கேட்டான். நான் படிக்கவில்லை. பையிலிருந்து எடுத்துப் படித்தேன். கட்டளை கொடுக்கும் முன் கேப்டன் நாற்காலியின் கைப்பிடியில் விரலால் இரண்டு முறை தட்டுவது, முதல் மூன்று பகுதிகளில் மட்டும் வந்த அசைவு, முப்பத்தோராவது நிமிஷத்தில் பயன்படுத்தப்பட்டுள்ளது என்று இருந்தது. அதற்கு அடுத்தது வெளிச்சம் பற்றி. அதற்கு அடுத்தது கடைசிக் காட்சியின் வசனம்.

இதில் எதுவுமே மாதிரிப் பிரதியில் கிடையாது. படத்தையே முழுசாகப் பார்த்தவர்கள் எழுதியது. படம் இருந்தது ஒரே இடத்தில், தம்பியின் அலமாரியில். ஒரு பிழையைத் தேடிக்கொண்டு போகிறவள் பக்கத்துப் பிழையை விட்டுவிடுவாள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். நாலாவது எண்ணோடு நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நான்தான் அனுப்பினேன்" என்றான்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பத்திரிகை ஆரம்பிக்கப் போகிறோம் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். பன்னிரண்டு படங்களின் பட்டியலையும் சேர்த்து வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் கழித்தும் இத்தனை பேர் உங்களை மறக்கவில்லை பாருங்கள் என்று. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தானாம். அவர்களுக்கு அது குற்றப் பட்டியலாகப் போய்விட்டது. மூன்று படம் போன பிறகு பயந்து, நாங்கள் விற்பதற்கு எடுக்கவில்லை, நீங்களே பாருங்கள் என்று கெஞ்சி, மாதிரிப் பிரதியையும் தன் படத்தையும் அனுப்பியிருக்கிறான்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. உலகத்தில் எவனாவது திருட்டு மாங்காயைத் தோட்டக்காரனிடம் கொண்டுபோய், எவ்வளவு நன்றாக இருக்கிறது பார் என்று காட்டுவானா? ஆனால் அவன் பதினோரு பக்கத்தையும் என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பத்தொன்பதாவது எண்ணைத் தடவினான்.

"அந்த விரல் தட்டுறது, இதுவரைக்கும் யாருமே கவனிக்கலக்கா. அவங்க கவனிச்சிருக்காங்க."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு டெய்லர் கடைக்குப் போனேன். ஷட்டரை அப்போதுதான் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய், தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்று சொன்னேன். அச்சகத்தில் பதினெட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டி வந்ததும் இல்லை. வாய் கூசியது.

அவள் பட்டன் டப்பாவை ஒழுங்குபடுத்திக்கொண்டே, அந்தத் தாள் தம்பியின் கடிதம்தான் என்றாள். அவனுக்கு எழுத்துப் பிழை வரும். பிழை பார்க்க வீட்டிலேயே ஆள் இருந்தும் இவளிடம் கொண்டுவந்திருக்கிறான். முதல் கடிதம் போன பிறகுதான் பட்டியலையும் சேர்த்து அனுப்பியது இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று நான் அவ்வளவு பேசியபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அவனை விட்டிருப்பீங்களா?"

அவள் பட்டன் டப்பாவை மூடி வைத்தாள்.

"மூணு படம் போன அன்னைக்கே, அக்காகிட்ட சொல்லிடுன்னு சொன்னேன். இங்கதான் உக்காந்து அழுதான். கம்பெனி கேஸ் போட்டாக்கூட சமாளிச்சுக்கலாம், அக்கா மூஞ்சியப் பாக்க முடியாதுன்னான். அவனுக்குக் கம்பெனிகிட்ட பயம் இல்லக்கா. உங்ககிட்டதான்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அளவு எடுத்துச் சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் அங்கேயே ஒரு யூனிஃபார்ம் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவனை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது, யாரும் தொட்டுவிடக் கூடாது என்று இருபத்தோரு வருஷமாகக் காவல் காத்தேன். அவன் பயந்தது முழுக்கக் காவல்காரிக்கு. எனக்கு அழுகை வந்தது, அவள் எதிரிலேயே அழுதேன். அவள் ஒரு வெட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவதைப் பற்றிக் கேட்டேன். இந்த வாரம் வேலை அதிகம், பார்க்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி வேலைக்குப் போகாமல் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே தாளை நீட்டினான். கணக்கு டீச்சருக்கும் பட்டியலில் உள்ள மற்ற எல்லாருக்கும் எழுதிய கடிதம். உங்கள் பெயரைக் கம்பெனிக்குச் சொன்னது நான்தான், உங்களைக் கேட்காமல் சொன்னேன் என்று தொடங்கியிருந்தது. தன் படத்தை வெளியிடப் போவதில்லை என்றும் எழுதியிருந்தான். இதையே முதல் இதழின் முதல் பக்கத்தில் போட வேண்டும், அட்டையில் வேறு யார் படமாவது இருக்கட்டும் என்றான்.

தாளைக் கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றான். பதினாலு மாடிக் குழிக்குள் ஒரு கயிற்றை நம்பித் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவன். வேலை முடிந்து வந்து அதைச் சொல்லிச் சிரிக்கிறவன்.

முதல் வரியிலேயே இரண்டு தப்பு இருந்தது. கீழே இன்னும் எத்தனையோ. கடைசி வரை படித்தேன். என் பேனா பையிலேயே இருந்தது.

"நல்லா எழுதியிருக்கே. இப்படியே போடலாம்" என்றேன்.

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். நிஜமாகவா என்று கேட்டான். நிஜமாகத்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான்.